சிட்டையும் பேரேடும்

(சங்கரன்கோவிலில் நடைபெற்ற முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் அண்ணாச்சி போனில் கூப்பிட்டு, "கம்ப்யூட்டர் பத்தி ஏதாவது பேசுங்க. பசங்களுக்கு உபயோகமா இருக்கணும், எங்களுக்கும் புரியணும்" என்றார். இந்த இரண்டு நிபந்தனையும் சேர்ந்து வந்தால் கொஞ்சம் கஷ்டம்தான். நான் இருபது வருஷத்துக்கு மேலாக டேட்டாபேஸ் வேலையில் சோறு தின்கிறவன். இந்த வேலையில் பெரும்பாலான நாள் ஒன்றும் நடக்காது. எப்போதாவது ஒரு ராத்திரி போன் வரும். "சார், டேட்டா போயிடுச்சு" என்பார்கள். அந்த ஒரு ராத்திரிக்காகத்தான் எங்களுக்குச் சம்பளம். அதைப் பற்றியே பேசிவிடுகிறேன்.

முதலில் நம்ம ஊர் பூ மார்க்கெட்டுக்குப் போவோம். காலையில் விவசாயி மல்லிகைப் பூவைக் கொண்டுவந்து கமிஷன் கடையில் போடுகிறார். எடை போடுகிறார்கள், விலை சொல்கிறார்கள். கடைக்காரர் உடனே பேரேட்டை விரித்து, அந்த விவசாயியின் பக்கத்தைத் தேடி, வரவு வைத்து, கூட்டிக்கொண்டா இருப்பார்? அதற்குள் பூ வாடிவிடும். சிட்டையில் ஒரு வரி எழுதுவார். இன்னார், இத்தனை கிலோ, இன்ன விலை. அடுத்த ஆள் வந்துவிடுவார். மத்தியானம் கூட்டம் குறைந்த பிறகு கணக்குப்பிள்ளை உட்கார்ந்து, சிட்டையைப் பார்த்து ஒவ்வொன்றாகப் பேரேட்டில் ஏற்றுவார். ஏற்றியதற்கு அடையாளமாக ஒரு கோடு போடுவார்.

டேட்டாபேஸும் இதையேதான் செய்கிறது. நீங்கள் ஒரு பதிவைச் சேமித்தால், அது முதலில் 'லாக்' என்கிற சிட்டையில் ஒரு வரி எழுதும். அந்த வரி டிஸ்கில் பத்திரமாக விழுந்த பிறகுதான் உங்களுக்கு 'ஆச்சு' என்று பதில் சொல்லும். டேபிள் என்கிற பேரேட்டில் சாவகாசமாக ஏற்றிக்கொள்ளும். அந்தக் கோடு இருக்கிறதே, அதற்கு 'செக்பாயின்ட்' என்று பெயர். சிட்டை முந்தி, பேரேடு பிந்தி. இந்த வரிசை மாறினால் எல்லாம் போச்சு.

ஏன் இப்படி? நடுவில் கரண்ட் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பேரேட்டில் பாதி ஏறியிருக்கும், பாதி ஏறியிருக்காது. சிட்டை முழுசாக இருக்கிறதல்லவா? கடைசிக் கோட்டிலிருந்து திரும்ப ஏற்றிக்கொள்ளலாம்.

இந்த இடத்தில் நம் தம்பி தங்கைகள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு பெயர் இருக்கிறது. தமிழ்நாட்டில் பிறந்தவர், சி. மோகன். சென்னை ஐ.ஐ.டி.யில் கெமிக்கல் எஞ்சினியரிங் படித்து 1977ல் பட்டம் வாங்கினார். பிறகு அமெரிக்காவில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்று, ஐ.பி.எம். ஆராய்ச்சிக் கூடத்தில் சேர்ந்தார். 1992ல் அவரும் சக ஆராய்ச்சியாளர்கள் நான்கு பேரும் சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதில் சொன்ன முறைக்கு 'ஏரீஸ்' என்று பெயர். விழுந்த டேட்டாபேஸை எப்படித் தூக்கி நிறுத்துவது என்பதுதான் விஷயம். ஐ.பி.எம்.மின் டிபி2, மைக்ரோசாஃப்டின் எஸ்.க்யூ.எல். சர்வர் போன்றவை அந்த வழியைப் பின்பற்றியவைதான். 1997ல் ஐ.பி.எம். நிறுவனம் அவரைத் தன் 'ஃபெல்லோ'வாக ஆக்கியது. கெமிக்கல் படித்தவர்! நாம் என்ன துறை எடுத்தோம் என்று கவலைப்படுகிறவர்கள் இதையும் கணக்கில் வைத்துக்கொள்ளலாம்.

ஏரீஸ் என்ன செய்கிறது? முதலில் சிட்டையைப் புரட்டி, எங்கே நின்றது, யாருடைய வேலை பாதியில் நிற்கிறது என்று பார்க்கும். அடுத்து, நடந்ததை நடந்தபடியே மறுபடி ஏற்றும். முடிந்தது, முடியாதது எல்லாவற்றையும் சேர்த்துத்தான். இது கேட்பதற்கு விநோதமாக இருக்கும். முடியாததை ஏன் ஏற்ற வேண்டும்? விழுந்த நேரத்தில் கணக்கு எப்படி இருந்ததோ அந்த நிலைக்கு முதலில் போய்ச் சேர வேண்டும், பிறகுதான் பாதியில் நின்றதை ஒவ்வொன்றாகப் பின்வாங்க வேண்டும். பின்வாங்குவதையும் சிட்டையில் எழுதும். நம்ம கணக்குப்பிள்ளை தப்பான வரியைச் சுரண்டி அழிக்கமாட்டார். எதிர்ப்பதிவு போடுவார். அதே புத்திதான். எதிர்ப்பதிவும் சிட்டையில் இருப்பதால், மீட்கும்போது நடுவில் இன்னொரு தடவை கரண்ட் போனாலும் குழப்பம் வராது. விசைத்தறி ஓட்டுகிற நம் ஊர்க்காரர்களுக்குக் கரண்ட் போவதைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆக, இயந்திரம் விழுந்தால் எழுந்திருக்க வழி இருக்கிறது. மனுஷன் தப்புப் பண்ணினால்?

டேட்டாபேஸில் ஒரு வரியை அழிக்க 'டெலீட்' என்று ஒரு கட்டளை உண்டு. எந்த வரியை என்று சொல்வதற்கு அதோடு 'வேர்' என்ற பகுதியைச் சேர்க்க வேண்டும். அதை எழுத மறந்தால் டேபிளில் உள்ள அத்தனை வரியும் போய்விடும். 'அப்டேட்' கட்டளையும் அப்படித்தான். இங்கிலீஷ் வார்த்தைதான், ஆனால் எங்கள் ஆபீஸில் தமிழ்ப் பையன்கள் "வேர் இல்லாத டெலீட்" என்றே சொல்வார்கள். வேர் இல்லாவிட்டால் மரம் சாயும், அவ்வளவுதான். இப்படி ஒரு கட்டளை ஓடி, 'ஆச்சு' என்று பதிலும் வந்துவிட்டால், டேட்டாபேஸ் அதை உண்மையான வேலையாகவே எடுத்துக்கொள்ளும். சிட்டையில் ஒழுங்காக எழுதும். கரண்ட் போனாலும் அந்தத் தப்பைக் கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றும்!

சிலர் சொல்வார்கள், "எங்களிடம் இன்னொரு சர்வர் இருக்கிறது, இதில் நடப்பதெல்லாம் அதிலும் நடக்கும், பயமில்லை" என்று. அது கண்ணாடி மாதிரி. நம்ம முகத்தில் மை பூசினால் கண்ணாடியிலும் மைதான். இந்த சர்வரில் அழிந்தது அடுத்த விநாடி அந்த சர்வரிலும் அழியும். டிஸ்க் உடைந்தால் அது கைகொடுக்கும். கை தவறினால் உதவாது.

அப்போது உதவுவது பழைய பேக்கப்பும் சிட்டையும் சேர்ந்துதான். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி முழு பேக்கப் எடுத்திருக்கிறோம். புதன்கிழமை காலை 11.40க்குத் தப்பு நடந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பிரதியை வேறொரு மெஷினில் இறக்கி, அதன் மேல் திங்கள், செவ்வாய், புதன் சிட்டையை வரிசையாக ஏற்றிக்கொண்டே வந்து, 11.39ல் நிறுத்திவிட வேண்டும். நிறுத்துகிற நேரத்தை நாமே சொல்லலாம். பொதுவாக எல்லா டேட்டாபேஸிலும் இந்த வசதி இருக்கிறது. ஆனால் நடுவில் சிட்டையின் ஒரே ஒரு துண்டு காணாமல் போனாலும் அதற்கு மேல் போக முடியாது. சிட்டையை டேட்டா இருக்கிற டிஸ்கிலேயே வைத்திருந்தால், டிஸ்க்கோடு அதுவும் போகும்.

நான் பார்த்த ஒரு சம்பவம். இடமும் பெயரும் வேண்டாம். கட்டணம் வசூலிக்கிற ஒரு அலுவலகம். ஒருநாள் காலை, வேர் இல்லாத அப்டேட் ஒன்று ஓடி, எல்லார் கணக்கிலும் பாக்கித் தொகை ஒரே எண்ணாக மாறிவிட்டது. கெட்டது ஒரு டேபிளில் ஒரு பத்தி. அவ்வளவுதான். ஆனால் அங்கே இருந்தவர்கள் பதறிப்போய், முந்தின நாள் ராத்திரி எடுத்த பேக்கப்பை ஓடிக்கொண்டிருந்த டேட்டாபேஸின் தலைமேலேயே இறக்கிவிட்டார்கள். பாக்கித் தொகை சரியாகிவிட்டது. காலையிலிருந்து போட்ட ரசீது அத்தனையும் போய்விட்டது, கூடவே சிட்டையும். என்னை மறுநாள்தான் கூப்பிட்டார்கள். நான் போனபோது மீட்பதற்கு ஒன்றுமில்லை. ரசீது புத்தகத்தின் கார்பன் பிரதியைப் பார்த்து இரண்டு பெண்கள் ஒவ்வொன்றாக மறுபடி டைப் அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கார்பன் தாளை ஒழித்துவிடலாம் என்று அதற்குச் சில மாதம் முன்புதான் பேச்சு நடந்ததாம்!

முதல் தப்பு ஒரு நிமிஷத் தப்பு. இரண்டாவது தப்புதான் பெரிய தப்பு. அதனால் இப்படி ஒரு நாள் வந்தால் முதலில் புதிய பதிவுகள் விழாமல் நிறுத்துங்கள். கெட்டுப்போனதையே அப்படியே ஒரு பிரதி எடுத்துவையுங்கள், சிட்டையோடு. கெட்டதை எதற்கு எடுப்பது என்று கேட்பார்கள். நல்லதெல்லாம் கெட்டதற்குள்ளேதான் கிடக்கிறது. பிறகு பழைய பேக்கப்பை வேறு இடத்தில் இறக்கி, சரிபார்த்து, தேவையானதை மட்டும் எடுத்து வந்து ஒட்டுங்கள். எதைச் செய்தாலும் நேரத்தோடு ஒரு தாளில் எழுதுங்கள். மேலதிகாரி பின்னால் நின்று "ஆச்சா, ஆச்சா" என்று கேட்பார். கேட்கட்டும்.

ஒட்டும்போது ஒரு சிக்கல் உண்டு. 1970ல் ஐ.பி.எம்.மில் இருந்த காட் என்ற அறிஞர் எல்லாத் தகவலையும் டேபிள்களாகப் பிரித்து வைக்கும் முறையைச் சொன்னார். இன்று வங்கி, ரயில்வே, கல்லூரி என்று எங்கு போனாலும் அநேகமாக அதே முறைதான். ஒரு டேபிளில் மாணவர் பெயர், இன்னொன்றில் கட்டண ரசீது, வேறொன்றில் மதிப்பெண். ரசீதில் பெயர் இருக்காது, மாணவரின் எண் மட்டும் இருக்கும். அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு அந்த டேபிளுக்குப் போய்ப் பெயரைப் பார்க்க வேண்டும். குடும்ப உறவு மாதிரி ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கும். இப்போது மாணவர் டேபிளை மட்டும் போன வாரத்து நிலைக்குக் கொண்டுபோனால் என்ன ஆகும்? இந்த வாரம் சேர்ந்த மாணவரின் ரசீது இருக்கும், மாணவர் இருக்கமாட்டார். கூட்டுக் குடும்பத்தில் ஒரு ஆளை மட்டும் பழைய வருஷத்துக்கு அனுப்பினால் எப்படி! ஆகவே ஒன்று, எல்லாவற்றையும் ஒரே நேரத்து நிலைக்குக் கொண்டுவர வேண்டும். இல்லையென்றால் எந்த வரி எதைப் பிடித்திருக்கிறது என்று பார்த்துப் பார்த்துச் சேர்க்க வேண்டும். இரண்டாவதுதான் எங்கள் ராத்திரிகளைத் தின்கிற வேலை.

இதெல்லாம் சின்ன அலுவலகத்துக் கதை, பெரிய கம்பெனிகளில் நடக்காது என்று நினைக்காதீர்கள். கிட்லேப் என்று ஒரு நிறுவனம். உலகம் முழுக்க புரோகிராம் எழுதுகிறவர்கள் தங்கள் வேலையை அங்கே வைத்திருக்கிறார்கள். இங்கேயும் மாணவர்கள் சிலர் வைத்திருக்கக்கூடும். 2017 ஜனவரி 31 அன்று அவர்களுடைய டேட்டாபேஸுக்குச் சுமை கூடி, இரண்டாவது சர்வர் பின்தங்கிவிட்டது. நாள் முழுக்க வேலை பார்த்து, ராத்திரி வரை உட்கார்ந்திருந்த எஞ்சினியர் ஒருவர், இரண்டாவது சர்வரில் உள்ளதைத் துடைத்துவிட்டுப் புதிதாகப் பிரதி எடுக்கலாம் என்று அழிக்கும் கட்டளையைக் கொடுத்தார். கொடுத்தது முதல் சர்வரில்! ஓரிரு விநாடியில் உணர்ந்து நிறுத்திவிட்டார். சுமார் 300 ஜிகாபைட்டில் மிஞ்சியது 4.5 ஜிகாபைட்.

சரி, பேக்கப் இருக்கிறதே என்று தேடினார்கள். ஐந்து விதமான ஏற்பாடு வைத்திருந்தார்கள். ஒன்றும் தேறவில்லை. தினமும் ஓட வேண்டிய பேக்கப் புரோகிராம் பழைய 9.2 பதிப்பு, டேட்டாபேஸோ 9.6 பதிப்பு. இரண்டும் ஒத்துவராமல் பேக்கப் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோற்றால் ஈமெயில் வர வேண்டும். அந்த ஈமெயிலை அவர்களுடைய மெயில் சர்வரே ஏற்றுக்கொள்ளாமல் திருப்பிக்கொண்டிருந்தது. பேக்கப் வைக்கும் இடத்தைத் திறந்து பார்த்தால் காலி.

காப்பாற்றியது எது தெரியுமா? சுமார் ஆறு மணி நேரத்துக்கு முன்னால் அதே எஞ்சினியர், வேறொரு சோதனைக்காக, அன்றைய வேலைப்பட்டியலில் இல்லாமலே ஒரு பிரதி எடுத்து வைத்திருந்தார். அது இருந்த மெஷினின் டிஸ்க் மெதுவானது. அதிலிருந்து இழுத்துக் கொண்டுவரவே மணிக்கணக்காகி, மறுநாள் மாலைதான் தளம் எழுந்தது. அந்த ஆறு மணி நேரத்தில் பதிவானது போனது போனதுதான். சுமார் 5000 புராஜெக்ட், 5000 கருத்துரை, 700 புதிய பயனர் கணக்கு என்று அவர்களே கணக்குச் சொன்னார்கள். மீட்கும் வேலையை யூடியூபில் நேரடியாகக் காட்டினார்கள். நடந்தது அத்தனையும் விளக்கமாக எழுதி வெளியிட்டார்கள், அந்த எஞ்சினியர் பெயரைச் சொல்லாமல். எனக்கு அவர்கள் மேல் மரியாதை வந்தது அங்கேதான். அன்று ராத்திரி அந்த மனிதரை வேலையை விட்டு அனுப்பியிருந்தால், பழைய பதிப்புப் புரோகிராமும் திரும்பிப்போன ஈமெயிலும் வெளிச்சத்துக்கு வந்திருக்குமா என்று யோசித்துப் பாருங்கள். தம்பிகளே, நீங்களும் ஒரு காலத்தில் மேலதிகாரி ஆவீர்கள்.

நம் நாட்டிலேயே ஒன்று சொல்கிறேன். 2022 நவம்பர் 23, டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனை. வெளியிலிருந்து ஊடுருவியவர்கள் ஐந்து சர்வர்களில் இருந்த சுமார் 1.3 டெராபைட் டேட்டாவைப் பூட்டிப்போட்டுவிட்டார்கள். பதிவுச் சீட்டு, வார்டில் சேர்ப்பது, ரத்தப் பரிசோதனை முடிவு எல்லாம் கையால் எழுத வேண்டியதாயிற்று. தினமும் ஆயிரக்கணக்கான பேர் வருகிற இடம். பீகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் ராத்திரி ரயிலில் வந்து, விடியற்காலையில் வரிசையில் நிற்கிற ஜனங்கள். அவர்களுக்கு சர்வர் என்றால் என்னவென்றே தெரிய வேண்டியதில்லை. தாமதத்தை மட்டும் அவர்கள்தான் அனுபவிக்க வேண்டும்.

பாராளுமன்றத்தில் அரசு பின்னர் பதில் சொன்னது. பாதிக்கப்படாத ஒரு பேக்கப் சர்வர் இருந்தது, அதிலிருந்து மருத்துவமனை டேட்டா முழுவதும் எடுக்கப்பட்டு, புதிய சர்வர்களில் ஏற்றப்பட்டது, பெரும்பாலான சேவைகள் இரண்டு வாரத்துக்குப் பிறகு திரும்பின என்று. இரண்டு விஷயத்தைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். நல்ல பிரதி இருந்தது, அதனால் டேட்டா பிழைத்தது. நல்ல பிரதி இருந்தும் இரண்டு வாரம் ஆனது. பேக்கப் இருக்கிறதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். திரும்ப ஏற்ற எத்தனை நேரம் ஆகும் என்று ஒருவரும் கேட்பதில்லை. அதை ஏற்றிப் பார்த்தால்தானே சொல்ல முடியும்?

இலங்கையில் 2023ல் அரசாங்க ஈமெயில் தாக்கப்பட்டபோது மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான கடிதங்கள் திரும்ப வரவில்லை, அந்தக் காலத்துக்கு பேக்கப் இல்லை. தென்கொரியாவில் 2025 செப்டம்பரில் டேஜான் நகரில் அரசாங்க டேட்டா சென்டர் தீப்பிடித்தபோது, அரசு ஊழியர்கள் கோப்பு வைத்திருந்த 858 டெராபைட் சேமிப்பகம் எரிந்தே போனது. வெளியில் வேறு பிரதி கிடையாது. கம்ப்யூட்டருக்குப் பேர்போன நாடு அது.

இவ்வளவும் சொல்லிவிட்டு நம் வீட்டைப் பற்றிச் சொல்லாமல் போனால் சரியில்லை. நம் சங்கத்தின் உறுப்பினர் பதிவேடு ஆரம்பத்தில் நீள நோட்டில் இருந்தது. பிறகு கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். உறுப்பினர் டேபிள் ஒன்று, சந்தா ரசீது ஒன்று, ஏழை மாணவர்களுக்குக் கொடுக்கும் கல்வி உதவித்தொகை ஒன்று. யாருக்கு எந்த வருஷம் எவ்வளவு கொடுத்தோம், இந்த வருஷம் யாருக்குப் பாக்கி என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. பேக்கப் எடுக்கிறீர்களா என்று அண்ணாச்சியிடம் கேட்டேன். "அதெல்லாம் வெள்ளிக்கிழமை தவறாம பென் டிரைவ்ல எடுத்துடுறோம்" என்றார். எங்கே வைத்திருக்கிறீர்கள் என்றேன். கம்ப்யூட்டர் மேஜைக்குப் பக்கத்தில் இருக்கிற பீரோவைக் காட்டினார். என்றைக்காவது அதிலிருந்து ஏற்றிப் பார்த்ததுண்டா என்றேன். சிரித்தார். அவர் மேல் குறை சொல்லவில்லை. வாரம் தவறாமல் எடுக்கிறாரே, அதுவே பெரிது. நான் போன முக்கால்வாசி இடத்தில் இதே பீரோதான், இதே சிரிப்புதான்.

அவரிடம் அனுமதி வாங்கிவிட்டேன். நாளை காலை 10 மணிக்கு நம் கல்லூரி கம்ப்யூட்டர் லேபில், காலியாக இருக்கிற ஒரு மெஷினில் அந்தப் பென் டிரைவை ஏற்றிப் பார்க்கப் போகிறோம். கடைசி வருஷ மாணவர்கள் செய்வார்கள், நான் பக்கத்தில் நிற்பேன், கீபோர்டில் கை வைக்கமாட்டேன். ஒருவர் கடிகாரத்தைப் பார்த்து நேரம் குறிக்க வேண்டும். ஏறி முடிந்ததும் எத்தனை உறுப்பினர், கடைசியாகச் சேர்ந்தவர் யார், உதவித்தொகைக் கூட்டுத்தொகை வங்கிப் புத்தகத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்போம். உறுப்பினர் இல்லாத ரசீது ஏதாவது தனியாக நிற்கிறதா என்றும் தேடுவோம். சரியாக வந்தால் இன்னொரு பிரதி எடுத்து, ராஜபாளையத்தில் இருக்கும் நம் பொருளாளர் வீட்டுக்கு அனுப்பிவிடலாம். அங்கே பீரோ வேறு.

பழைய நீள நோட்டு யாரிடமோ இருக்கிறது என்கிறார்கள். 1990க்கு முன்னால் சேர்ந்த அண்ணாச்சிமார், அக்காமார் வீட்டில் அந்தக் காலத்துச் சந்தா ரசீது கிடந்தால் தயவுசெய்து எடுத்து வாருங்கள். பென் டிரைவில் வருவது சரிதானா என்று பார்க்க அது வேண்டும். காபிக்கு ஏற்பாடு செய்வதாக அண்ணாச்சி சொல்லியிருக்கிறார்.